அக்கா வீட்டுச் சோள மூட்டை

பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெளியே பண்டார் தெங்காரா வெயில் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே, லெட்சுமி அக்காவின் சமையலறையை நான் இருட்டாக்கிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டேன். பின்கதவுக்குக் கீழே வெளிச்சம் நுழைந்த இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த சின்னச் சிவப்பு பல்பு மட்டும் மிச்சம்.

"அதையுமா அணைக்கணும்?" என்றாள் அக்கா.

"அஞ்சு நிமிஷந்தான்க்கா."

அவளே எழுந்து போய் அணைத்தாள். இரண்டடி தூரம்தான். அதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கண் பழகும்வரை காத்திருந்தேன். பின்பக்கம் செம்பனை மட்டை ஒன்று உரசும் சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை. அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தால் நான்கு நாய்கள் சேர்ந்து குரைக்கும். அன்று ஒன்றும் இல்லை.

கையிலிருந்த புற ஊதா விளக்கின் பொத்தானை அழுத்தினேன். அக்காவின் நைட்டி பளீரென்று நீலமாய் எரிந்தது. பற்கள் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

"ஐயோ, என்னடி இது!"

"பயப்படாதக்கா. துணி தொவைக்கிற தூளு. இந்த வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்."

விளக்கை அவள் மேலிருந்து திருப்பி, மூலையில் பெஞ்சின்மேல் நின்ற சோள மூட்டையில் காட்டினேன். மூட்டையின் அடிமூலையில் பச்சையும் மஞ்சளும் கலந்த புள்ளிகள். ஆற்றோர மரங்களில் பார்க்கிற மின்மினியின் நிறம். ஆனால் விட்டு விட்டு எரியவில்லை. அசையாமல் எரிந்தன.

விளக்கைத் தரைக்குத் தாழ்த்தினேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தடம் கிளம்பியது. அள்ளும்போது சிந்திய உடைந்த சோளம். சற்றுத் தூரம் போய் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை பின்கதவுக்குப் போனது. நாய்களுக்கான கஞ்சி பின்வாசல் விறகடுப்பில்தான் வேகும், அதனால் அது சரி.

இன்னொரு கிளை, சமையலறைக்குள் இருந்த கேஸ் அடுப்புக்குப் போனது.

அது ஏன் அங்கே போகிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்னடி தெரியுது?" என்றாள் அக்கா, இருட்டுக்குள்ளிருந்து.

ஒரு வாசகி கேட்டது

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு பெண்மணி பத்து பகாட் ஊரிலிருந்து எழுதியிருந்தார். "உங்கள் வேலையில் நீங்கள் தவறியதே இல்லையா? எல்லா வாரமும் நீங்களே கண்டுபிடித்துவிடுகிறீர்கள்" என்று. சிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு நான்கு நாள் அந்த வரி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் அந்தச் சமையலறை.

என் வேலை என்னவென்று புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாசிர் கூடாங்கில், தொழிற்சாலை பஸ்கள் திரும்பும் ஒரு முனையில், சின்னதாக ஒரு தனியார் சோதனைக்கூடம். கச்சான் கடலை, மிளகாய்த் தூள், சோளம், கோழித் தீவனம் எல்லாம் எங்களிடம் வரும். அவற்றில் பூஞ்சை விட்டுப் போன நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்போம்.

பூஞ்சை என்றால் பூசணம் பிடித்த ரொட்டிதான் பலருக்கு நினைவு வரும். அதையாவது கண்ணால் பார்த்துத் தூக்கிப் போடலாம். நாங்கள் தேடுவது பூஞ்சை போன பிறகும் இருப்பது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஈரலில் போய் உட்காரும்.

தேடும் வழிகள் பல. முதல் வழி அந்த விளக்கு. பூஞ்சை ஏறிய சோளம் உடைந்திருந்தால், உள்ளே பச்சை மஞ்சளாய் மின்னும். அது ஒரு சந்தேகம் மட்டுமே. மின்னுவதெல்லாம் நஞ்சில்லை. மின்னாததெல்லாம் சுத்தமும் இல்லை.

அடுத்தது பட்டை. கர்ப்பச் சோதனைப் பட்டையைப் போலவே இருக்கும், படிக்கிற விதம்தான் நேர்மாறு. சோளத்தை அரைத்து, சாராயம் போன்ற ஒரு திரவத்தில் கலக்கி, வடிகட்டி, பட்டையை அதில் நிறுத்துவோம். இரண்டு கோடு வந்தால் நல்ல செய்தி. நஞ்சு இருந்தால் ஒரு கோடு வராது. வெள்ளையாகவே கிடக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதில் குழம்புவார்கள். ஒரு கோடு வராமல் போகிறதா என்றுதான் அங்கே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக இயந்திரம். சாற்றை ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தள்ளும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தனக்கென்று இருக்கிற நிமிடத்தில் வெளியே வரும். நஞ்சுக்கும் ஒரு நிமிடம் உண்டு. அந்த நிமிடம் நெருங்கும்போது திரையில் ஓடும் கோடு எழும்புமா, படுத்தே போகுமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். எத்தனை வருடமானாலும் அந்த நேரத்தில் நான் பேசுவதில்லை.

என்னோடு வேலை செய்யும் மலாய்ப் பெண்மணி, 'கக்', அதாவது அக்கா, என்று நான் கூப்பிடும் கக் நோர் இன்னும் ஒரு படி மேல். விளக்கறையில் பொத்தானை அழுத்தும் முன் மெதுவாக ஏதோ ஓதுவார். ஒருமுறை கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அவர் மலாயில் சொன்னது இதுதான்: "நம்ம கண்ணுக்குக் காட்டாம மறைச்சு வெச்சிருக்கிறதைப் பார்க்கப் போறோம், சரளா. கேட்டுட்டுப் பார்க்கறதுதான் மரியாதை." அப்போது சிரித்தேன்.

இவ்வளவு கருவி இருந்தும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நஞ்சு ஒரு மூட்டையில் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. ஆயிரக்கணக்கான மணிகள் நல்லதாக இருக்கும், ஒரு பிடியில் மட்டும் மொத்தமும் குவிந்து கிடக்கும். அதனால் மேல், நடு, அடி, ஓரம் என்று பல இடத்தில் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும். இந்த விதியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான்கு நாய்கள்

லெட்சுமி அக்கா என் உடன்பிறந்தவள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மாமா இறந்த பிறகு பண்டார் தெங்காராவில் அந்த வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். துணைக்கு நாய்கள். புரூனோ, பிளாக்கி, குட்டி, ராணி. எல்லாம் தெருவில் கிடைத்தவை.

அவளுடைய வீட்டுக்கு வலது பக்கம் ஆரோக்கியசாமி அங்கிள். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் கோத்தா திங்கியில். அதிகம் பேசமாட்டார். நாய்கள் அவருடைய பூந்தொட்டிகளில் கால் தூக்கும் விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் வேலி வழியாக வாக்குவாதம் நடக்கும்.

அந்த வருட மழைக்காலம் முடிந்த சமயம். முதலில் புரூனோ சாப்பாட்டை விட்டது. வாந்தி எடுத்தது. பிறகு பின்வாசலின் வலப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் அதே இடத்தில், சுவரைப் பார்த்தபடியே செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் பிளாக்கி. மூக்கில் ரத்தம் வந்தது. அதுவும் போய் அதே சுவரின் முன்னால்தான் உட்கார்ந்தது.

குட்டியை அக்கா மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். "ஏதோ விஷம் போயிருக்கு. ஈரல் போச்சு" என்றார். என்ன விஷம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. குட்டி வீடு திரும்பும் வழியிலேயே அக்காவின் மடியில் செத்தது.

அந்தச் சுவர், ஆரோக்கியசாமி அங்கிள் வீட்டோடு சேர்ந்த சுவர்.

"அவன் வீட்டையே பார்த்துக்கிட்டு செத்துச்சுங்கடி. காட்டிக் குடுத்துட்டுச் செத்துருக்குங்க" என்று போனில் அழுதாள் அக்கா.

"அக்கா, அப்படியெல்லாம் சொல்லாத. மொதல்ல அதுங்க சாப்பிட்டதப் பார்ப்போம். நான் ஞாயித்துக்கிழம வரேன்" என்றேன்.

பட்டுப் புடவை

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கூலாயில் ஒரு கல்யாணம் இருந்தது. போகிற வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். உடம்பில் மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை. இதை எழுதும்போது அந்தப் புடவைமேல் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நாய்களுக்கு என்ன கொடுக்கிறாள் என்று கேட்டேன். சோளத்தை உடைத்து, மீன் தலை போட்டு, கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றுவதாகச் சொன்னாள். தீவனக் கடையில் வாங்கிய மூட்டையைக் காட்டினாள். கோணி பெஞ்சின்மேல் நின்றது. வாயைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, அடிமூலையைக் கிழித்து, அந்த ஓட்டையில் துணியை அடைத்து வைத்திருந்தாள். வேண்டும்போது துணியைப் பிடுங்கி, டின்னில் பிடித்துக்கொள்வாள்.

நான் குனியவில்லை. அடிமூலையில் தூசியும் ஒட்டடையும் இருந்தன. மேலே தையலைப் பிரித்தேன். மணிகள் தங்கமாய்ப் பளபளவென்று இருந்தன. கையளவு ஒரு பையில் போட்டுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் அரைத்துப் பட்டையை நிறுத்தினேன். இரண்டு கோடு. பளிச்சென்று.

"பல இடத்துல எடுத்தியா?" என்று கக் நோர் கேட்டார்.

"வீட்டு மூட்டைதானே, கக்" என்றேன்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "சாப்பாட்டுல ஒன்னும் இல்லக்கா. சுத்தமா இருக்கு."

அக்கா ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "அப்ப அவன்தான்."

அன்று மாலையே போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "என் தங்கச்சி லேப்ல பார்த்துட்டா. சாப்பாட்டுல விஷம் இல்லன்னு மெஷினே சொல்லிருச்சு" என்று தாமான் குடியிருப்பு முழுக்கச் சொன்னாள். மெஷின் எதையும் சொல்லவில்லை. அந்த மூட்டையின் வாயிலிருந்த ஒரு கைப்பிடியைப் பற்றித்தான் ஒரு பட்டை சொன்னது. ஆனால் என் பெயரும் என் வேலையும் அந்தப் பேச்சுக்கு முத்திரையாகிவிட்டன.

அதன் பிறகு டீக்கடையில் ஆரோக்கியசாமி அங்கிள் உட்கார்ந்தால் மேசையில் மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். தெருவில் பிள்ளைகள் அவருடைய கேட்டைத் தாண்டும்போது ஓடினார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் அவர் நான் இல்லை என்று ஒரு வார்த்தை அடித்துச் சொல்லவில்லையாம். தலையைக் குனிந்துகொண்டே இருந்தாராம். அதையும் எல்லாரும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, சொல்லிக்கொள்ளாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"குத்தமுள்ள நெஞ்சு" என்றாள் அக்கா.

அவர் போய்ப் பத்து நாள் ஆன பிறகு ராணி செத்தது.

அஞ்சாவது

இந்த முறை அக்கா அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போனில் அவள் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

"ராணியும் அந்தச் செவுத்தப் பார்த்துக்கிட்டுதான் போச்சு. நாலு முடிஞ்சிருச்சு சரளா. அஞ்சாவது நான்."

"என்னக்கா ஒளறுற?"

"ஒளறல. ராத்திரி சாப்பிட்டது காலையில வந்துருது. அந்தாளு போனாலும் அவன் ஏவி விட்டது வீட்டுக்குள்ள இருக்கு. எனக்குத் தெரியுது. நடக்கும்போது பின்னாலயே வருது."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விஷம் வைத்ததாகச் சொன்ன மனிதர் அந்த ஊரிலேயே இல்லை. ராணி எப்படிச் செத்தது?

அன்றே விடுப்புச் சொல்லிவிட்டு, புற ஊதாக் கைவிளக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு காரை எடுத்தேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே அந்தச் சாலையில் போகும்போது, இருபுறமும் ஒரே மாதிரி வரிசைகள் வந்துகொண்டே இருந்தன. மூட்டையின் வாயில் நான் அள்ளிய அந்தப் பிடி மட்டும் மனதில் வந்து வந்து போனது.

இப்படித்தான் அந்த இருட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தேன். தரையில் மின்னிய தடம் கேஸ் அடுப்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் மிக்ஸி இருந்தது. மூடியைத் திறந்து விளக்கைக் காட்டினேன். கத்திக்கு அடியில், கழுவியும் போகாத இடுக்கில், அதே பச்சை மஞ்சள்.

"அக்கா," என்றேன். "இந்தச் சோளத்த நீ சாப்பிடறியா?"

"ஏன்? டாக்டர்தான் சோத்தக் கொறைக்கச் சொன்னாரு, சக்கரைக்கு. காலையில ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம் கஞ்சி."

"நாய்க்கு வாங்கின மூட்டைலயா?"

"சோளம் எல்லாம் ஒன்னுதானேடி. நல்லா கழுவித்தான் அரைக்கிறேன்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "நீதானே சுத்தமா இருக்குன்னு சொன்ன?"

நான் ஜன்னலுக்குப் போய்க் கம்பளியைப் பிடித்து இழுத்தேன். வெயில் ஒரேயடியாக உள்ளே விழுந்தது. அக்கா கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கினாள். பிறகு மெதுவாகத் திறந்தாள்.

கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். குட்டியைப் பற்றி அவள் போனில் விவரித்த அதே மஞ்சள்.

"எழுந்திரு. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

"சாமி லைட்ட மட்டும் போட்டுட்டு வரேன்" என்றாள்.

நானே போட்டேன்.

வராத கோடு

அக்காவை வார்டில் சேர்த்துவிட்டு, மறுநாள் மூட்டை முழுவதையும் காரில் ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் போனேன். அடிமூலையை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கோணியின் ஒரு பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது. தண்ணீரில் நின்று காய்ந்த அடையாளம். மழைக்காலத்தில் ஆறு ஏறி, எந்தக் கிடங்கிலோ அடிவரிசை மூட்டைகள் நனைந்திருக்க வேண்டும். வெயிலில் காயவைத்து விற்றிருக்கிறார்கள். அக்கா கிழித்தது அந்த மூலையைத்தான். நாய்களுக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே அந்த ஓரம்தான் கிடைத்திருக்கிறது. மேலே இருந்த தங்க நிறச் சோளம் என் ஒருத்திக்கு மட்டும்.

கக் நோரிடம் எதையும் மறைக்கவில்லை. பட்டுப் புடவையைக்கூடச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "அலமாக்" என்று மட்டும் சொன்னார், நாம் 'ஐயோ' என்பதுபோல. பிறகு இரண்டு ஜோடி கையுறைகளை எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

இருவருமாக மூட்டையின் எல்லா மட்டத்திலிருந்தும் எடுத்தோம். அடிமூலையைத் தனியாக வைத்தோம். அரைக்கும் இயந்திரம் அன்று முழுக்க ஓடியது. முகமூடியையும் மீறி மாவு இமையில் படிந்ததாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மூன்று முறை முகம் கழுவினேன்.

முதலில் பட்டைகள். மேல் மட்டச் சாற்றில் இரண்டு கோடு, முன்பு வந்ததைப் போலவே. நடு மட்டத்தில் ஒரு கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல். அடிமூலைப் பட்டையை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். திரவம் மெதுவாக ஏறியது. மேலே உள்ள கோடு சிவந்தது. அது எப்போதும் வரும், பட்டை வேலை செய்கிறது என்பதற்காக. அதற்குக் கீழே வெறுமையாகவே இருந்தது. நேரம் முடிந்த பிறகும் நாங்கள் இருவரும் அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு இயந்திரம். நஞ்சுக்குரிய நிமிடம் நெருங்கியது. திரையில் கோடு கிளம்பி, ஏறி, திரையின் விளிம்பைத் தொட்டு, அங்கேயே நின்றது. அளவிட முடியாத உயரம். சாற்றை நீர்க்கவைத்து மறுபடி ஏற்றினோம். மறுபடி விளிம்பு. மூன்றாவது முறை நீர்க்கவைத்த பிறகுதான் ஒரு எண் கிடைத்தது. கக் நோர் அதைப் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க அக்கா இதையா சாப்பிட்டாங்க?"

நான் தலையாட்டினேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாட்டு மருந்து சாப்பிட்டாளா, காளான் சாப்பிட்டாளா என்றெல்லாம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், தாளை இரண்டு முறை படித்தார். இதற்கு முறிவு மருந்து கிடையாது, அந்தக் கஞ்சியை நிறுத்திவிட்டு ஈரலைத் தாங்கிப் பிடிப்பதுதான் வழி என்றார். அந்த வாரம் இரண்டு நாள் அக்கா யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். கட்டிலில் ஒருக்களித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். நான் அவளை இந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தேன். நர்ஸ் என்னை விநோதமாகப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அவளாகவே இந்தப் பக்கம் திரும்பி, "பசிக்குது" என்றாள்.

தீவனக் கடையிலிருந்த மீதி மூட்டைகளைப் பற்றி நான் எழுத்தில் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ் ரிப்போர்ட்டையும் அக்கா மகனோடு போய்த் திருத்திக் கொடுத்தாள். செய்ய வேண்டியதில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் செய்யத்தான் எங்கள் இருவருக்கும் கால் வரவில்லை.

கோத்தா திங்கியில்

அக்கா வீடு திரும்பி ஒரு மாதம் ஆனதும் போனோம். ஆற்றைத் தாண்டி உள்ளே போனால் ஆரோக்கியசாமி அங்கிளின் மகள் மேரியின் வீடு. காரை நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கிள் கதவைத் திறந்து வெளியே வந்தார். முன்பைவிடப் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கார் ஜன்னலுக்கு வந்து, குனிந்து, அக்காவின் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உசுரோட இருக்கீங்களா?" என்றார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

"வேலிக்கிட்ட துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தீங்க. அன்னிக்கு உங்க கண்ணப் பார்த்தேன். அந்த நாயிங்க கண்ணு மாதிரியே இருந்துச்சு." அவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குப் பின்னால எலி மருந்துக் கட்டி வெச்சிருந்தேம்மா. தோட்டத்துலேருந்து எலி ரொம்ப வருதுன்னு. நாயிங்க அதத்தான் தின்னுருச்சுன்னு நெனைச்சேன். சாப்பாட்டுல ஒன்னும் இல்லன்னு லேப்ல வேற சொல்லிட்டாங்கன்னாங்க. அப்ப வேற என்ன? நாந்தான். வேணும்னு செய்யலன்னு சொன்னா யாரு நம்புவா?"

"அண்ணே..." என்றாள் அக்கா.

"நாயிங்களோட போயிருந்தா தாங்கிக்கிட்டிருப்பேன். உங்க கண்ணப் பார்த்ததும், மருந்து எப்படியோ தண்ணில கலந்து உங்களுக்கும் போயிருச்சுன்னு தோணிருச்சு. சொல்லணும்னு உங்க கேட் வரைக்கும் வந்தேன். என்னப் பார்த்ததும் கதவச் சாத்திட்டீங்க. அப்புறம் அங்க இருக்க முடியல. எப்ப சாவுச் செய்தி வரும்னு தெனமும் போனப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான் காரிலிருந்து இறங்கினேன். சோதனைத் தாளை அவரிடம் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். சோளம், பூஞ்சை, வெள்ளத் தண்ணீர், அடிமூலை. எலி மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு, முதல் முறை மூட்டையின் வாயில் மட்டும் எடுத்தது நான்தான், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"நாந்தான் அங்கிள் அப்படிச் சொன்னது. சரியாப் பார்க்காம சொன்னேன்."

அவர் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். "இந்த நம்பருதானா?"

"ஆமா."

"இத நான் வெச்சுக்கலாமா?"

"உங்களுக்குத்தான் கொண்டாந்தேன்."

அதைச் சட்டைப் பைக்குள் அடங்கும்வரை மடித்து மடித்து வைத்தார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பசியாறாம வந்திருப்பீங்க. எறங்குங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார்.

மேரி சோறும் மீன் குழம்பும் வெண்டைக்காயும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அக்காவின் முன்னால் தட்டு வைக்கப் போனவளை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தன் தட்டில் முதலில் சோற்றைப் போட்டுக்கொண்டார். குழம்பைக் கிண்டி ஊற்றினார். வெண்டைக்காயில் ஒன்று எடுத்து வைத்தார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றுகொண்டே பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டார். விழுங்கும்வரை அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் அவளுக்குத் தட்டு வைக்கச் சொன்னார்.

"ஏன்ப்பா இப்படி?" என்றாள் மேரி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் குழம்புக் கிண்ணத்தை அக்கா பக்கம் நகர்த்தினார்.

அக்கா புதுத் தட்டை ஓரமாகத் தள்ளினாள். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவர் வாய் வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் பிசைந்து வைத்திருந்த சோற்றை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். தலையைத் தூக்கவே இல்லை. தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.